கழித்தது போக

இரவு ஷிப்டு முடிந்து
தலைமூடியைக் கழற்றினால் காதோரம் பள்ளம் விழுந்திருக்கும்.
பாயான் லெப்பாஸில், ஆறாம் எண் அடுப்பில்,
மூன்று வாரமாக வேகின்றன
இரண்டாயிரம் நினைவகச் சில்லுகள்.
இந்த மூன்று வாரச் சூடு
பத்து வருஷத்துக்குச் சமம் என்கிறது சூத்திரம்.
பத்து வருஷம் நின்று பார்த்தவர் எங்கள் தளத்தில் யாருமில்லை.

சில்லுக்குள் எலெக்ட்ரான்கள் சுவருக்குப் பின்னால் அடைந்து கிடக்கின்றன.
ஏறிக் குதிப்பதில்லை, துளை போடுவதில்லை,
திடீரென்று சில அந்தப் பக்கம் இருக்கின்றன.
எத்தனை என்று கேளுங்கள், சொல்வேன்.
எப்படி என்று கேட்டால்
நோர்ஹஸ்லிண்டாவைக் கூப்பிட்டு
தேதி முத்திரை எங்கே என்பேன்.

குணாளன் அப்படி விடுகிற ஆளில்லை.
பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறவன்.
காலை ஏழரைக்கு சுங்கை டுவா மாமாக் கடையில்
அவனுக்குக் கோப்பி ஓ கோசோங், எனக்கு தே தாரிக்.

"முடிவிலியில் முடிவிலியைக் கழித்தால் என்ன மிச்சம்?"

"கோசோங்" என்றேன், அவன் கிளாஸைப் பார்த்து.

"கோசோங் என்றால்தான் பரவாயில்லையே.
எது வேண்டுமோ அது மிச்சம்.
உங்கள் ஆட்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு
மேசையைத் துடைத்துவிட்டார்கள்."

"விடை பொருந்துகிறது. பத்து இலக்கத்துக்கு."

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது."

"ஒரே காக்கை, குணா. எந்த மரத்தில் உட்கார்ந்தாலும்.
எந்தப் பழம் என்று சொல்லாது,
ஆயிரத்தில் எத்தனை என்று
முதல்நாளே எழுதிக் கொடுத்துவிடும்."

அவன் ரொட்டியைக் கிழித்தான். பருப்பில் தோய்க்க மறந்து
கையிலேயே வைத்திருந்தான்.

"பாம்பு விழுங்குகிறது என்றவர்களும்
கிரகணத்துக்கு நாழிகை தப்பாமல் குறித்தார்கள்."

"குறித்தார்கள். பிறகு பாம்பைக் கழித்தோம்.
நாழிகை மிச்சம்."

"கழிக்கிறவரைக்கும்
எது பாம்பு என்று யாருக்குத் தெரியும்?"

தேத்தண்ணீரில் ஆடை படியும்வரை
நான் பேசவில்லை.

எங்கள் தொழிற்சாலை பஸ் ஓட்டும் மாசிலாமணிக்கு
கனவில் கார் எண்கள் வரும்.
நாலு நம்பரில் இரண்டு தடவை அடித்திருக்கிறது.
அடிக்காத ஞாயிறுகளை அவர் எழுதிவைப்பதில்லை.
நாங்கள் எழுதிவைக்கிறோம்,
தேதி, தட்டு எண், யார் கை பட்டது என்பது வரை.
எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது
இந்த ஒரு நோட்டுப் புத்தகம்தான்.
பல நாள் அது போதுகிறது.

வியாழக்கிழமை அடுப்பைத் திறந்தோம்.
ஏழு கசியும் என்று கணக்கு.
சியோக் ஹூன் எண்ணினாள், நான் எண்ணினேன்,
ஏழு.
சந்தோஷப்பட வேண்டும். பட்டேன்.
ஆனால் ஒன்பது வந்திருந்தால்
காரணம் தேடி உள்ளே போயிருப்போம்.
ஏழு வந்ததால் கதவைச் சாத்திவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.

சந்தேகத்துக்குரிய தட்டுகளுக்கு
ஒரு சிவப்புச் சீட்டு உண்டு எங்களிடம்:
'நிறுத்தி வை'.
தள்ளுவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை,
அலமாரியில் இருக்கும்.
ஒரு சீட்டைக் கிழித்துப்
பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

மறுநாள் குணாளன் பென்டிரைவ் ஒன்றை நீட்டினான்.
கழிக்கக் கூடாததைக் கழித்தவர்கள் பற்றி
அவன் எழுதிய நாற்பது பக்கம்.
"படித்துவிட்டுத் திருப்பிக் கொடு. இது எத்தனை நாள் தாங்கும்?"
"பத்து வருஷம்."
"யார் சொன்னது?"
"நான்தான். கையெழுத்து இருக்கிறது."

மழை தூறத் தொடங்கியது. அவன் அதைத் திரும்ப வாங்கிச்
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்,
நனையாமல் பிறகு தருவதாக.
தாளிலும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறானாம்.

என் கல்யாணப் படங்களுக்கு
நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.
அவனிடம் சொல்லவில்லை.